வெட்டி ஒட்டினால் நிலம் கூடுமா?

இடம்பெயர்ந்து வந்து புதிய காணியில் கால் ஊன்றும் குடும்பம், தனக்குக் கிடைத்தது எவ்வளவு என்று தானே அளந்தறிய வேண்டும். கண்ணளவு ஏமாற்றும். அதை ஒரு வெட்டுப் புதிரின் மூலம் கற்போம். மழை ஓயாத வட்டவளைப் பிற்பகலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பார்க்க இது ஏற்ற பாடம்.

செய்து பார்ப்போம்

சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் 8 கட்டம் நீளம், 8 கட்டம் அகலமான சதுரத்தை வெட்டி எடுங்கள். அதை 8×5, 8×3 என இரு செவ்வகங்களாக்குங்கள். சிறியதை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணிகள் கிடைக்கும். பெரியதன் மேல் விளிம்பில் இடமிருந்து 3ஆம் கட்டத்தையும் கீழ் விளிம்பில் 5ஆம் கட்டத்தையும் இணைத்து வெட்டினால் இரண்டு சரிவகங்கள் கிடைக்கும்.

இனி முக்கோணியின் 3 கட்டப் பக்கத்தைச் சரிவகத்தின் 3 கட்டப் பக்கத்தோடு சேர்த்து வையுங்கள். மற்ற இரு துண்டுகளையும் அவ்வாறே சேர்த்து, இரண்டையும் எதிரெதிராகப் பொருத்துங்கள். 13×5 செவ்வகம் ஒன்று தோன்றும். சதுரத்தில் இருந்தவை 64 கட்டங்கள். இதிலோ 65! ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது?

கணினி காட்டும் உண்மை

ஜியோஜீப்ரா என்பது 2001இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய வடிவகணித மென்பொருள். இலவசமாகக் கிடைக்கிறது, கைத்தொலைபேசியிலும் இயங்கும். அதில் (0,0), (8,3), (13,5), (5,2) என்னும் நான்கு புள்ளிகளைக் குறித்துப் பல்கோணியாக இணையுங்கள். ஊசி போன்ற ஒரு மெல்லிய நாற்பக்கல் தோன்றும். அதன் பரப்பளவு சரியாக 1.

அதுவே துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. முக்கோணியின் சரிவு 3/8, அதாவது 0.375. சரிவகத்தின் சரிவு 2/5, அதாவது 0.4. இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையவில்லை. வித்தியாசம் மிகச் சிறியதாகையால் கண்ணுக்குத் தெரியவில்லை. வெட்டி மாற்றி வைப்பதால் பரப்பளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இத்தகைய புதிர்கள் மிகப் பழையவை. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்த புதிரொன்றில் 14 துண்டுகள் சேர்ந்து ஒரு சதுரமாகும். திருப்பி வைப்பவற்றை ஒன்றாகவே எண்ணினால் அதற்கு 536 வழிகள் உண்டு என்று 2003இல் பில் கட்லர் கணினியின் உதவியால் கண்டறிந்தார்.

காணிக்கு வருவோம்

2015க்குப் பின் வந்த தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் என்ற அளவு பலருக்கும் பழகியது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஆகவே 7 பேர்ச் 1,905.75 சதுர அடி.

எதிர்ப்பக்கங்கள் சமமான ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். பக்கங்கள் 40 அடி, 51 அடி. பெருக்கினால் 2,040 வரும். "ஏழு பேர்ச்சுக்கு மேலேயே இருக்கிறது" என்று மகிழ்வோம். ஆனால் நீண்ட மூலைவிட்டத்தை அளந்தால் 77 அடி. மூலைகள் செங்கோணமாயிருந்தால் அது ஏறத்தாழ 65 அடியே இருக்கும். ஆகவே காணி சாய்ந்த வடிவம். பெருக்கல் கணக்கு இதற்குப் பொருந்தாது.

மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணிகளாகப் பிரியுங்கள். 40, 51, 77 ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பாதி 84. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 44, 33, 7. இந்நான்கையும் பெருக்கினால் 853,776. அதன் வர்க்கமூலம் 924. இரு முக்கோணிகளும் சேர்ந்து 1,848 சதுர அடி, அதாவது 6.79 பேர்ச். ஏழுக்குக் குறைவு! இதே அளவுகளில் ஜியோஜீப்ராவில் வரைந்தும் சரிபார்க்கலாம்.

மலைச்சரிவில் அளக்கும்போது நாடாவைத் தரையோடு படிய விடாமல் மட்டமாகப் பிடியுங்கள். நில அளவைப் படத்தில் கிடைப்பரப்பே குறிக்கப்படும். அளவு பிழைத்தால் மென்பொருளும் பிழையான விடையையே தரும்.

நமது கணக்கு, நில அளவையாளரின் படத்துக்கு ஈடாகாது. ஆயினும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெளிவாகக் கேள்வி கேட்க அது துணைசெய்யும். எல்லைக் கல்லை நகர்த்துவதைத் திருமறை கண்டிக்கிறது. கல் எங்கே இருக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பதும் நம் கடமையே.

கலந்துரையாடுக

1. உங்கள் காணியின் நான்கு பக்கங்களோடு ஒரு மூலைவிட்டத்தையும் அளந்திருக்கிறீர்களா?
2. பக்கங்களை மட்டும் அளந்தால் பரப்பளவு ஏன் தெரியாது? நான்கு ஈர்க்குகளை மூலைகளில் கட்டி, சாய்த்துப் பாருங்கள்.