நாட்கூலியும் பந்தாட்டமும்: வட இங்கிலாந்து ரக்பிப் போட்டியின் முதற் பருவம், 1895–96

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு மாத்திரமன்று; அது நிகழும் சமுதாயத்தின் நிலையை உள்ளபடி காட்டும் சாட்சியுமாம். ஓர் ஆட்டத்தில் வென்றார் யார், தோற்றார் யார் என வினவுவோர் பலர். அவ்வாட்டத்தை ஆட இயன்றவர் யார், இயலாதவர் யார் என வினவுவோர் சிலரே. இவ்விரண்டாம் வினாவின் பயனை அறிதற்பொருட்டு, வட இங்கிலாந்தில் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி 1896-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் முடிவுற்ற ஒரு ரக்பிப் போட்டியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

ரக்பி என்பது நாம் நன்கறிந்த கால்பந்தாட்டத்துக்கு உடன்பிறப்பு போன்றது. முட்டை வடிவமான பந்தைக் கையிலேந்தி ஓடுதலும், அங்ஙனம் ஓடுவோனைப் பிடித்து வீழ்த்துதலும், எதிரியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுதலும் இதன் சிறப்பியல்புகள். ரக்பி என்னும் ஊரிலுள்ள பள்ளியின் பெயரே ஆட்டத்துக்கு அமைந்தது. 1871-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ரக்பி யூனியன் என்னும் தலைமைச் சங்கம் ஏற்பட்டது. இதனை நடத்தியவருட் பெரும்பாலார் உயர்தரப் பள்ளிகளிலும் சர்வகலாசாலைகளிலும் பயின்றவர். ஆட்டக்காரன் ஆட்டத்தின் பொருட்டு ஒரு காசும் பெறலாகாது என்பது அவர்களுடைய உறுதியான கொள்கை.

சனிக்கிழமைக் கூலி

இக்கொள்கை தென் இங்கிலாந்தில் இடர் விளைத்திலது. வடக்கிலோ நிலைமை வேறு. யார்க்ஷயரின் கம்பளி ஆலைகளிலும், லங்காஷயரின் பருத்தி ஆலைகளிலும், இரு பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்த மக்களே ஆங்கு ரக்பி ஆட்டத்தின் உயிராயிருந்தனர். அவர்களுக்குச் சனிக்கிழமை முற்பகல் வேலை நேரம், பிற்பகலே ஓய்வு. வெளியூர் சென்று ஆடவேண்டின், காலை வேலையை விட்டு இரயிலேறுதல் வேண்டும். வேலையை விட்டால் கூலி இல்லை. ஆகவே, ஆட்டத்துக்கு அழைக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளி தன் குடும்பத்தின் உணவுக்காகும் பணத்தை இழந்தே ஆடவேண்டியவனாயினான். அவனை எதிர்த்து ஆடிய வழக்கறிஞனுக்கோ, வணிகனின் மகனுக்கோ அத்தகைய இழப்பு யாதுமில்லை.

வடநாட்டுக் கழகத்தார் கேட்டது ஆட்டத்துக்குச் சம்பளமன்று. ஆட்டத்தால் இழந்த கூலிக்கு ஈடு மாத்திரமே. 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லண்டனில் கூடிய ரக்பி யூனியனின் பொதுக்கூட்டத்தில் யார்க்ஷயர்ப் பிரதிநிதிகள் இக்கோரிக்கையைப் பிரேரேபித்தனர். எதிராக 282 வாக்குகளும் ஆதரவாக 136 வாக்குகளும் விழுந்தமையால் அது தோல்வியுற்றது. மறைவாகப் பணம் கொடுத்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்ட கழகங்கள்மீது விசாரணைகளும் நடந்தன. அவ்விசாரணைகளை முன்னின்று தூண்டியவருள் ஒருவர் யார்க்ஷயரிலேயே பள்ளித் தலைமையாசிரியராயிருந்த பிராங்க் மார்ஷல் பாதிரியார் என்பது நம்மனோர் கருதத்தக்கது. விளையாட்டின் தூய்மையைக் காப்பதே தம் கடமையென அவர் நம்பினார்.

பிரிவும் போட்டியும்

1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள், ஹடர்ஸ்பீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடநாட்டுக் கழகங்களின் பிரதிநிதிகள் கூடி, லண்டன் சங்கத்தினின்றும் விலகி, வடநாட்டு ரக்பிச் சங்கம் ஒன்றை நிறுவினர். வேலையிழந்த நாள் ஒன்றுக்கு 6 ஷில்லிங்குக்கு மேற்படாமல் ஈடு தரலாம் என விதித்தனர். பத்து நாள் கழியுமுன்னரே, செப்டம்பர் 7-ஆம் நாள், போட்டி தொடங்கிற்று.

இதிற் கலந்த கழகங்கள் 22. யார்க்ஷயரிலிருந்து பிராட்போர்டு, மானிங்ஹாம், ஹாலிபாக்ஸ், ஹடர்ஸ்பீல்டு, ஹல், லீட்ஸ், வேக்பீல்டு முதலிய பதினொன்றும், லங்காஷயரிலும் அதனையடுத்த செஷயரிலுமிருந்து விகன், செயின்ட் ஹெலன்ஸ், வாரிங்டன், ஓல்டாம், ரன்கார்ன் முதலிய பதினொன்றுமாம். ஒவ்வொரு கழகமும் ஏனைய 21 கழகங்களோடும் தன்னூரில் ஒருமுறையும் அயலூரில் ஒருமுறையுமாக ஆடவேண்டும். எனவே ஒரு கழகத்துக்கு 42 ஆட்டம். போட்டி முழுமைக்கும் 462 ஆட்டம்.

இக்கணக்கை மாணவர் சற்று உற்று நோக்குக. செப்டம்பர் 7 முதல் ஏப்ரல் இறுதிவரை வரும் சனிக்கிழமைகள் ஏறக்குறைய 34. ஆட்டங்களோ 42. எஞ்சியவற்றை விடுமுறை நாட்களிலும் வேலை நாட்களிலும் ஆடித் தீர்த்தாலன்றி வழியில்லை. அவற்றுட் பாதி அயலூர்ப் பிரயாணம். ஆறு ஷில்லிங் விதி இல்லையேல், கூலிக்காரர் நிறைந்த ஒரு குழு இத்தகைய பருவத்தை முற்றுவித்தல் அரிது. விதியும் போட்டியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பது இதனால் விளங்கும்.

பட்டியலின் பாடம்

வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. பருவ முடிவில் முதலிடம் பெற்றது மானிங்ஹாம்: வெற்றி 33, தோல்வி 9, சமநிலை ஒன்றுமில்லை, ஆகப் புள்ளிகள் 66. இரண்டாமிடம் ஹாலிபாக்ஸ்: வெற்றி 30, சமநிலை 5, தோல்வி 7, ஆகப் புள்ளிகள் 65. எட்டு மாதம் உழைத்த பின் இருவருக்கும் வேற்றுமை ஒரேயொரு புள்ளி. தோல்வியை மாத்திரம் எண்ணின் ஹாலிபாக்ஸே சிறந்தது. ஆயினும் தோல்வி மிகுந்த மானிங்ஹாமே பட்டம் பெற்றது. அஞ்சாது வெற்றியையே நாடியவன் சிலமுறை வீழினும், வீழாதிருத்தலையே நாடியவனை முந்துவான் என இதிலிருந்து உரைப்பாருளர். ஐந்து சமநிலைகளில் ஒன்று வெற்றியாயிருப்பினும் இரு கழகங்களும் சமமாய் நின்றிருக்கும் என்பதையும் உடன் நினைத்தல் நேர்மை. யார்க்ஷயர்க் கழகங்களின் தனிப்பட்டமும் மானிங்ஹாமுக்கே கிடைத்தது. லங்காஷயர்ப் பகுதியின் பட்டம் ரன்கார்னைச் சேர்ந்தது.

மானிங்ஹாம் என்பது பிராட்போர்டு நகரின் ஒரு பகுதி. ஆங்குள்ள லிஸ்டரின் பட்டாலையில் 1890-ஆம் ஆண்டு டிசம்பரில் கூலிக்குறைப்பு அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,000 தொழிலாளர், அவருட் பெரும்பாலார் பெண்கள், வேலைநிறுத்தஞ் செய்தனர். குளிர்காலம் முழுதும் நின்று போராடியும், 1891-ஆம் ஆண்டு ஏப்ரலில் தோல்வியுற்று ஆலைக்குத் திரும்பினர். அத்தோல்வியின் நினைவு மறையுமுன், 1893-ஆம் ஆண்டு ஜனவரியில், அதே பிராட்போர்டு நகரில் சுயேச்சைத் தொழிற் கட்சி தோன்றிற்று. கூலியே உயிர்ப் பிரச்சினையாயிருந்த அத்தகைய ஊரின் கழகம், இழந்த கூலிக்கு ஈடு தரும் புதிய போட்டியில் முதற் பட்டம் வென்றது எத்துணைப் பொருத்தம்!

பின் விளைவு

கதை இத்துடன் நின்றிருப்பின் நமக்கு எளிய நீதி ஒன்று கிடைத்திருக்கும். சரித்திரம் அத்துணை எளிதன்று. 1898-ஆம் ஆண்டில், ஆட்டக்காரர் வேறு தொழிலும் உடையவராயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோடு, புதிய சங்கம் ஊதியத்தையே வெளிப்படையாய் அனுமதித்தது. ஊதியம் தரப் பணம் வேண்டும். பணம் வரக் காண்போர் கூட்டம் வேண்டும். கூட்டத்தைக் கவர ஆட்ட விதிகளும் மாறின. 1897-ஆம் ஆண்டில், பக்கக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும் முறை நீக்கப்பட்டது. 1906-ஆம் ஆண்டில் குழுவின் தொகை பதினைந்தினின்றும் பதின்மூன்றாகக் குறைந்தது. இங்ஙனம் ரக்பி லீக் என்னும் தனி ஆட்டம் உருவாகி, 1908-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவிலும் வேரூன்றிற்று.

முதற் பட்டம் வென்ற மானிங்ஹாமோ இவ்வோட்டத்தில் ஈடுகொடுக்க இயலாது நலிந்தது. வருவாய் குன்றியது. கடன் நெருக்கியது. பட்டம் பெற்ற ஏழாண்டுக்குள், 1903-ஆம் ஆண்டில், அக்கழகத்தார் ரக்பியையே கைவிட்டுக் கால்பந்தாட்டத்துக்கு மாறி, பிராட்போர்டு சிட்டி எனப் பெயரும் மாற்றிக்கொண்டனர். அப்பெயரால் அவர்கள் 1911-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கால்பந்துக் கோப்பையையும் வென்றனர்.

பிரிந்து நின்ற ரக்பி யூனியனும் இழப்பின்றித் தப்பவில்லை. வடநாட்டு வீரரை இழந்த இங்கிலாந்துக் குழு, 1892-க்குப் பின் 1910-ஆம் ஆண்டுவரை அண்டை நாடுகளோடு ஆடிய வருடாந்தரப் போட்டியில் தலைமை பெற்றிலது. ஈற்றில், ஹடர்ஸ்பீல்டுக் கூட்டம் நடந்து சரியாக நூறாண்டு நிறைந்த 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ரக்பி யூனியன் ஆட்டத்தின் சர்வதேச ஆளுநர் ஊதியத்தடையை முற்றிலும் நீக்கினர். ஆறு ஷில்லிங்கை மறுத்த கதவு நூறாண்டு கழித்துத் திறந்தது.

ஆராய்ச்சியின் முடிவு

இரு திறத்தார் கூற்றையும் நடுநின்று நிறுத்தால் காண்பது யாது? பணம் புகுந்தால் செல்வக் கழகங்களே ஓங்கும், சிறியவை வாடும் என லண்டன் சங்கத்தார் அஞ்சியது வீணன்று. மானிங்ஹாமின் முடிவே அதற்குச் சான்று. ஆயினும் அவ்வச்சத்தின் விலையைத் தாம் செலுத்தாது, தொழிலாளியே செலுத்தவேண்டும் என்றதே அவர்தம் பிழை. ஓய்வு உடையானுக்குத் தன்னலமின்மை எளிது. ஓய்வைக் கூலி கொடுத்து வாங்குவோனுக்கு அது பசி. இருவரையும் ஒரே விதியால் அளத்தல் பார்வைக்குச் சமநீதி. உண்மையில் அஃது ஓரவஞ்சனை. வேலையாளின் கூலியைப்பற்றி வேதம் கூறுவதை நாடோறும் கேட்கும் நமக்கு இஃது புதிதன்று.

மாணவ நேயர்களே, கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் நாம் ஆடுவது நம் சொந்தச் சிறப்பால் மாத்திரமன்று. நமக்காக வேறொருவர் உழைத்து ஈந்த ஓய்வாலுமாம். நம் கழகங்களுக்கும் மன்றங்களுக்கும் விதிகள் வகுக்குங்கால், எல்லார்க்கும் ஒரே விதி என்பதோடு அமையாது, அவ்விதியைக் கைக்கொள்ள யாருக்கு என்ன செலவாகும் என்றும் வினவுவோமாக. 1893-ஆம் ஆண்டில் லண்டனில் கூடியோர் அவ்வினாவைத் தம்முள் எழுப்பியிருப்பின், ஓர் ஆட்டம் இரண்டாய்ப் பிளந்திராது.