வீட்டு நகைக்கும் ஓர் இருப்புப் பேரேடு



கடைக்கு ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? தராசில் ஏற்றுகிறோம், சாக்கு எடையைக் கழிக்கிறோம், பில்லோடு ஒத்துப் பார்த்துக் கொள்முதல் கணக்கில் எழுதுகிறோம். இரண்டு கிலோ குறைந்தாலும் உடனே விருதுநகருக்குப் போன் போகிறது. அதே நாம், ஒரு வருட லாபத்தை மொத்தமாக நகைக்கடையில் கொடுத்து ஓர் ஆரம் வாங்கி வந்தால், அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டுவதோடு சரி. பில் எங்கே என்று கேட்டால் அடுத்த தீபாவளிக்குள் யாருக்கும் தெரியாது. எத்தனை கிராம், அதில் கல் எவ்வளவு, சேதாரம் எவ்வளவு கொடுத்தோம் என்ற விவரம் வீட்டில் ஒருவரிடமும் இருக்காது. "ஏழு பவுன் இருக்கும்" என்பார்கள். அடகு வைக்கப் போகும்போதுதான் அது ஐந்தே முக்கால் என்று தெரியவரும்.

நம் தென்காசி, குற்றாலம் வட்டாரத்து மளிகைக்காரருக்கு நகை வெறும் அலங்காரம் அல்ல. வைகாசிக் கடைசியில் சாரல் விழுமுன் சரக்கு நிரப்ப வேண்டும். அதே வாரத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும். கையில் ரொக்கம் இருக்காது. வீட்டு வளையல் வங்கிக்குப் போகும், சீசன் முடிந்து ஆவணியில் திரும்பி வரும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரும் சீசனுக்கு மறுபடியும் ஒரு நடை. 2020, 2021 ஆகிய இரண்டு சீசன்களிலும் கொரோனாவால் அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. அப்போது வங்கிக்குப் போன வளையல்களில் சில திரும்பி வரவே இல்லை. ஆகவே நகை சேர்ப்பதைப் பற்றிப் பேசுவது நம் முதலைப் பற்றிப் பேசுவதுதான்.

ஆச்சியின் பாம்படம்

நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். ஆச்சியின் காதில் பாம்படம் தொங்கும். திருநெல்வேலிச் சீமையில் அந்தத் தலைமுறைப் பெண்கள் காதை வளர்த்துப் போட்டுக்கொண்ட கனத்த நகை அது. இன்று கிராமங்களில்கூட அபூர்வமாகவே கண்ணில் படுகிறது. ஆச்சி காலமானபின், அதை அழித்து வீட்டுப் பெண்ணுக்குச் செயின் செய்யலாம் என்று ஒரு நகைக்கடைக்கு எடுத்துப் போனோம். நிறுத்தபோது ஏழு பவுனை ஒட்டி நின்றது. உடைத்தபோது உள்ளேயிருந்து அரக்கு உதிர்ந்தது. மெல்லிய தங்கத் தகட்டை மடித்து, உள்ளே அரக்கை நிரப்பிச் செய்வதுதான் பாம்படத்தின் வேலைப்பாடு என்பது நமக்குத் தெரியாது. மிஞ்சிய தங்கத்துக்கும் மாற்றுக் குறைவு என்று கழித்தார்கள். கடைசியில் கையில் வந்தது, இன்று எவரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூன்று பவுன் செயின்.

ஆச்சி இருந்திருந்தால், "ஏல, அதுல அரக்கு எம்புட்டு கெடக்குன்னு என்கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றிருப்பாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் கடையை நாம் குறை சொல்லவில்லை, அரக்கு அரக்குதான். செய்த நாளில் எத்தனை எடை தங்கம், எத்தனை எடை அரக்கு என்று ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால், அதை உடைக்கவே நாம் துணிந்திருக்க மாட்டோம்.

கல்லில் வெட்டிய நகைக் கணக்கு

இந்தத் துண்டுக் காகித யோசனை புதிது அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியிருக்கும் முறையைப் பார்த்தால் நம் பேரேட்டுக் கணக்குப்பிள்ளைகள் வெட்கப்பட வேண்டும். பொன்னை 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற எடைக்கல்லாலும் நிறுத்ததாகச் சொல்கிறார்கள். எந்தத் தராசு என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது! முத்து என்று மொத்தமாக எழுதாமல் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று தரம் பிரித்து, தரத்துக்கு இத்தனை என்று எண்ணி எழுதினார்கள். குறையுள்ள வைரமானால் குறையுள்ளது என்றே எழுதினார்கள். கோத்த சரடு, உள்ளிருக்கும் அரக்கு ஆகியவற்றைக் கழித்ததா, சேர்த்ததா என்பதைக்கூட விடவில்லை. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்கிப் போகிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. பல நகைகளுக்கு முடிவில் காசுக் கணக்கில் விலையும் உண்டு.

மன்னன் கொடுத்ததாயிற்றே, யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர்கள் விடவில்லை. நாம் விட்டுவிடுகிறோம்.

எதற்காக வாங்குகிறோம்?

வீட்டில் இருக்கும் நகை எல்லாம் ஒரே வேலைக்கு அல்ல என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தினமும் உடம்பில் கிடப்பவை உண்டு: தாலிச் செயின், கம்மல், மூக்குத்தி, இரண்டு வளையல். இவை தேயும். வருடம் ஒருமுறை ஆசாரியிடம் காட்டிக் கொக்கி, வளையம், திருகாணியைச் சரிபார்த்தால் போதும். இவற்றில் கணக்கு அதிகம் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது, கடைக்குக் கை கொடுப்பவை. இவற்றில் கல், எனாமல், நகாசு எதுவும் வேண்டாம். சாதா வளையல், கெட்டிச் செயின் போதும். காரணம் எளிது. அடகுக்கு மதிப்புப் போடும்போது தங்கத்தின் எடைதான் கணக்கு. கல்லும் முத்தும் கணக்கில் வராது. 2025 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் நெறிமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன. அதே நெறிமுறைகளில் நமக்கு வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: கடனை முழுதாக அடைத்தபின் நகையை அன்றே, மிஞ்சிப் போனால் 7 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்; வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு. கல் வைத்த நெக்லஸை அடகுக்கென்று வாங்கி வைத்திருப்பவர், பாசிப்பருப்பு வாங்கும் விலைக்குக் கல் வாங்கினவர் போலத்தான்.

மூன்றாவதுதான் சேர்ப்பு என்று சொல்லத் தகுந்தது. அடகுக்கும் போகாமல், அழிபடாமல், பிள்ளைக்கும் பேத்திக்கும் போக வேண்டியவை. காசுமாலை, அட்டிகை, ஏழுகல் தோடு, தப்பிப் பிழைத்த ஒரு பாம்படம் இவை. இதில் அவசரமே கூடாது. ஐந்து வருடத்தில் ஒன்று வந்தாலும் நல்லது. எல்லாம் தங்கமாகவும் இருக்க வேண்டியதில்லை. நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் சிவப்புக் கெம்புக் கல் பதித்துத் தங்கரேக்கு ஒட்டிச் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நாட்டியத்துக்கு என்று நாம் ஒதுக்கிவிடும் அந்த வேலைப்பாட்டில் ஒரு நெற்றிச்சுட்டியோ, ராக்கொடியோ வீட்டில் இருந்தால் அது சேர்ப்புதான்.

வைரத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. நம் பக்கம் 'புளூஜாகர்' என்று சொன்னால் உடனே மதிப்பு ஏறிவிடும். அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் மூடி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்று அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் பெயருக்குக் காசு கொடுக்காமல், கல்லுக்குரிய தரச் சான்றிதழைக் கேளுங்கள். 100 சென்ட் ஒரு காரட், ஒரு காரட் 200 மில்லிகிராம். தங்கத்தின் காரட் வேறு, வைரத்தின் காரட் வேறு. இதில் குழம்பாதவர் குறைவு. இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரங்களும் சந்தையில் இருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

மாற்றும்போது கரைவது

நகை சேராமல் போவதற்குத் திருடனைவிடப் பெரிய காரணம் 'மாடல் மாற்றுவது'. வியாபாரிக்குக் கணக்கில் காட்டினால்தான் புரியும் என்பதால் காட்டுகிறோம். 2025 முடிவில் சென்னையில் ஒரு பவுன் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. கணக்குக்கு ஒரு லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பவுன் ஆரத்துக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். மொத்தம் 5,60,000. அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 16,800. கையிலிருந்து போவது 5,76,800. பதிலுக்கு நாம் கொடுக்கும் பழைய ஐந்து பவுன் ஆரத்தில் உருக்குச் சேதம் என்று 2 சதவீதம் கழித்தாலும் நமக்கு வரவு 4,90,000. வித்தியாசம் 86,800 ரூபாய். எடை அதே ஐந்து பவுன்தான். ஏறக்குறைய முக்கால் பவுனுக்கு மேல் காற்றில் போயிற்று. இருபது வருடத்தில் இப்படி மூன்று முறை மாற்றிய வீட்டில் இரண்டரைப் பவுனுக்கு மேல் போயிருக்கும். பாதி ஆரம்! கடையில் எந்தச் சரக்கிலாவது இந்தக் கழிவை நாம் பொறுப்போமா?

ஆகவே வாங்கும்போதே பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை என்றால் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருந்தாக வேண்டும்; எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஹால்மார்க்கில் சொன்ன தரம் குறைந்திருப்பது நிரூபணமானால், குறைந்த அளவின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற 2018ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு. பழைய நகையில் 'கே.டி.எம்.' என்று இருப்பதைத் தர முத்திரை என்று நம்பியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பற்றவைப்புக்குக் காட்மியம் பயன்படுத்தியதைக் குறிக்கும், அவ்வளவே. இன்னொன்று: 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று சில ஆண்டுகள் சட்டம் இருந்தது. அந்தக் காலத்துக் கல்யாண நகை வீட்டில் இருந்தால், 22 காரட் என்று நினைத்துக் கணக்குப் போடாமல் ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணம் கொடுத்துச் சோதித்துக்கொள்வது நல்லது.

நகைச் சீட்டு 11 மாதமாக இருப்பதற்கும் சட்டமே காரணம். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று 2014ஆம் ஆண்டு கம்பெனி விதிகள் சொல்கின்றன. இதற்கு மேல் மாதங்களுக்கோ, நம்ப முடியாத போனசுக்கோ யாராவது சீட்டுப் பிடித்தால், நாம் கடன் கொடுக்கத் தயங்கும் வாடிக்கையாளரை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாருடைய நகை?

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது அத்தனையும் அரைகுறை. கடைக்கு என்று நாம் தூக்கிக்கொண்டு ஓடும் வளையல் பெரும்பாலும் மனைவியின் சீர் நகை. 1985இல் உச்ச நீதிமன்றம் ஸ்திரீதனம் பெண்ணின் தனிச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில், நமக்கு அடுத்த கேரளத்திலிருந்து வந்த வழக்கில், மனைவியின் 89 பவுன் நகை கணவர் வீட்டாரின் கடனுக்குக் கரைந்துபோனதற்காக 25 லட்ச ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. இக்கட்டில் பயன்படுத்தினாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை கணவனுக்கு உண்டு என்பது நீதிமன்றத்தின் கருத்து. நம் வீடுகளில் வழக்கு வரப் போவதில்லை என்று சொல்லலாம். ஆனால் மொத்த வியாபாரியிடம் வாங்கிய கடனுக்குத் தேதி போடுகிறோம், வீட்டில் வாங்கிய கடனுக்குப் போடுவதில்லை. "எப்பங்க திருப்புவீங்க?" என்ற கேள்விக்கு நம்மில் பலர் சொல்லும் பதில் "சீசன் முடியட்டும்" என்பதுதான். எந்த சீசன் என்று சொல்வதில்லை.

வருமான வரி சம்பந்தமாகவும் கணக்கு உதவும். சோதனையின்போது, திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகைகளைக் கைப்பற்ற வேண்டாம் என்று 1994 மே 11 தேதியிட்ட அறிவுறுத்தல் சொன்னது. அதற்கு மேல் இருப்பதற்கு வந்த வழி காட்ட வேண்டும். பில்லும், பாகப்பிரிவினைப் பத்திரமும், ஒரு பழைய நோட்டும் அப்போது பேசும். ரொக்கத்தைப் பொறுத்தவரை, ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்க 2017 ஏப்ரல் முதல் எந்தக் கடைக்கும் அனுமதி இல்லை.

நம் வீட்டு நோட்டு

நம் வீட்டில் நீளவாக்கு நோட்டு ஒன்றைப் போட்டிருக்கிறோம். ஓர் உருப்படிக்கு ஒரு பக்கம். நகையின் பெயர், வந்த வழி, தேதி, மொத்த எடை, கல் எடை, அரக்கு எடை, நிகர எடை, காரட், எச்.யு.ஐ.டி. எண், கொடுத்த சேதாரம், உரியவர் பெயர். கீழே அடகுக்குப் போன தேதியும் திரும்பிய தேதியும். எழுதுவது வீட்டம்மா, கையெழுத்துப் போடுவது நாம். இரு பக்கமும் எடுத்த படங்கள் போனிலும், பிரதி ஒன்று மகளிடமும் இருக்கின்றன. மூலம் வங்கிப் பெட்டகத்தில். தீயிலோ, திருட்டிலோ, ஊழியர் மோசடியிலோ இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு பெட்டக வாடகையின் 100 மடங்கு வரைதான் என்று 2022 முதல் விதி இருப்பதால், உள்ளே இருப்பதன் மதிப்பை நினைத்து வாடகை ரசீதைப் பார்த்துக்கொள்ளவும்.

அத்தையிடம் ஆச்சியினுடையது போலவே இன்னொரு ஜோடி பாம்படம் இருந்தது. அது இந்த ஆவணியில் நம் வீட்டுக்கு வந்தது. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நிறுத்து எழுதினோம். அரக்கு எடை என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. உடைத்தால்தான் தெரியும் என்றார் ஆசாரி. அப்படியே இருக்கட்டும் என்று வீட்டம்மா நோட்டை மூடிவிட்டார்.