நிரல் பழகுவோர்க்குத் தாளும் பென்சிலும்

மூலக்குளத்திலிருந்தும், வில்லியனூர்ச் சாலையை ஒட்டிய மற்ற ஊர்களிலிருந்தும் நிரல் எழுதப் பழக வேண்டுமென்று வருகிற பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தால், ஆங்கிலம் வராதோரும் கணக்கில் சுமாரானோரும்கூட எப்படியோ தேறிவிடுகிறார்கள். கணினி ஒரு சமயத்தில் ஒரே வரியைத்தான் செய்கிறது என்ற அற்ப விஷயத்தை ஏற்க மனமின்றி, முழு நிரலையும் கதைபோல ஒரே மூச்சில் வாசித்துச் செல்வோரே முதல் வாரத்திலேயே சோர்ந்து போகிறார்கள்.

ஆரம்பத்துக்கு நான் சிபாரிசு செய்வது ‘எழில்’ என்னும் மொழி. முத்தையா அண்ணாமலை என்பவர் 2007-இன் பிற்பகுதியில் உருவாக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் அறிவித்த இது, கட்டளைகளும் தமிழிலேயே அமைந்த, யாவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க மொழி. எழில் பைத்தான் என்னும் மொழியின் மேல் ஓடுவதால், முதலில் பைத்தானை நிறுவி, ‘பாத்’ என்று வரும் கட்டத்தில் மறவாமல் குறியிட்டு, பிறகு அதனோடு வரும் ‘பிப்’ என்னும் நிறுவுகருவி மூலம் எழிலை இறக்கிக்கொள்ளலாம். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை. வேறொன்று வேண்டாம்.

வீட்டில் கறவைமாடு உள்ள ஒருவர், தினம் நாலு லிட்டர் வீதம் ஏழு நாள் பால் ஊற்றிய கணக்கைப் பார்ப்போம்:

நாள் = 1
மொத்தம் = 0
@( நாள் <= 7 ) வரை
    மொத்தம் = மொத்தம் + 4
    நாள் = நாள் + 1
முடி
பதிப்பி மொத்தம்

“ஏழு நாலு இருபத்தெட்டுதானே சார், இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?” என்று கேளாத பிள்ளையில்லை. விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதே இதன் பிரயோஜனம். விடை தெரியாத கணக்கை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டால், பிழை நிரலில் உள்ளதா நம் புத்தியில் உள்ளதா என்பது விளங்காமலே போய்விடும்.

இதைத் தட்டுவதற்கு முன் ஒரு தாளில் ‘நாள்’, ‘மொத்தம்’ என்று இரண்டு பத்தி கிழித்து, அவற்றின்கீழ் 1, 0 என்று எழுதுக. மூன்றாம் வரியில் நின்று, 1 ஏழுக்கு மேற்படாததா என்று கேட்டு, ஆம் என்றால் உள்ளே நுழைக. அடுத்த வரிதான் கண்டம். பள்ளிக்கூடத்தில் சமக்குறியைத் தராசு முள்ளாகப் பழகியவனுக்கு, ஓர் எண் தன்னைவிட நாலு அதிகமான எண்ணுக்குச் சமமாவது எவ்வாறென்ற நியாயமான சந்தேகம் எழும். இங்கே அந்தக் குறி ஒரு கட்டளை: முதலில் வலப்பக்கத்தைப் பார்த்து, தாளிலுள்ள பழைய மதிப்பாகிய 0-ஐ எடுத்து 4 கூட்டி, வந்த விடையை இடப்பக்கப் பெயரின்கீழ் எழுதிப் பழையதை அடித்துவிட வேண்டும். அடிக்காமல் விடுவோர் மூன்றாம் சுற்றில் எந்த எண்ணை எடுப்பதென்று திகைப்பர். ஆகையால் அழிப்பானை நான் அனுமதிப்பதில்லை, கோடு போட்டே அடிக்க வேண்டும். ‘முடி’யை அடைந்ததும் வெளியே வந்துவிடாமல், மீண்டும் ‘@’ வரிக்கே ஏறிப்போய் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ‘நாள்’ பத்தியில் கடைசியாக நிற்கும் எண் எது? அநேகமாக எல்லோரும் 7 என்பர். 8 என்பதே சரி. எட்டானால்தான் நிபந்தனை பொய்த்து, நிரல் வெளியே வர வழி பிறக்கும்.

இது கைவந்தபின், வேண்டுமென்றே நிரலைக் கெடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் என்ன வருமென்று முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ‘<=’ என்பதை ‘<’ ஆக்கினால் 24 வரும். ‘மொத்தம் = 0’ என்பதைச் சுழலுக்குள் தள்ளினால், சுற்றுதோறும் கணக்கு அழிந்து 4 மட்டுமே மிஞ்சும். நாளைக் கூட்டும் வரியை நீக்கினாலோ நிரல் நிற்கவே நிற்காது. கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிறுத்திக்கொள்க, இயந்திரத்துக்கு ஒரு கேடும் வராது.

யூடியூபில் பத்து மணி நேரப் பாடத்தைப் படுத்துக்கொண்டு பார்ப்பதும், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய நிரலை ஒட்டி ஓட்டுவதும் அப்யாசமாகா. அவ்வாறு வாங்கிய நிரலானாலும் சரி, அதற்கும் தாளில் பத்தி கிழித்துப் பார்த்துவிட்டால் எனக்கு ஆட்சேபமில்லை.

சுழலும், ‘ஆனால்’, ‘இல்லை’ என்னும் நிபந்தனைகளும் தாளின் துணையின்றிப் புரியத் தொடங்கியதும் தயங்காமல் பைத்தானுக்குப் போய்விடுக. வேலைக்கு உதவுவது அதுவே. அங்கே ‘முடி’ என்று எழுதுவதில்லை. வரியின் முன்னுள்ள இடைவெளியே எல்லை வகுக்கும். ‘இன்புட்’ என்னும் கட்டளை வாங்கித் தருவது எழுத்தேயன்றி எண்ணன்று. ‘இண்ட்’ கொண்டு எண்ணாக்காவிடில் 4-ஐயும் 3-ஐயும் கூட்டி 43 என்று காட்டும். பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டபடியால், ‘பிரிண்ட்’டுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாத பழைய புத்தகம் யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.