லாரி வந்த பிறகு ரிப்போர்ட்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ராத்திரி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால், திருவொற்றியூர் பக்கத்து சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்கு நிலைய) யார்டில் விடிந்த பிறகும் கேட் என்ட்ரி ஓடிக்கொண்டிருக்கும். யார்டு ஸ்டாக் ரிப்போர்ட்டோ 6 மணி அடித்ததும் பாதிக் கணக்கோடு கிளம்பிவிடும். திட்டு விழுவது எம்.ஐ.எஸ். சீட்டில் இருக்கிற உனக்குத்தான். ஆகவே தங்கச்சி, கடிகாரத்தை நம்பாதே. கேட் டேட்டா ஏறி முடிந்ததும் கமாண்ட் லைனிலிருந்து ரிப்போர்ட்டைக் கிளப்பிவிடு.

உங்கள் ஆபீஸில் மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.எஸ்.ஆர்.எஸ். ரிப்போர்ட் சர்வர் என்றால் வழி சுலபம். ரிப்போர்ட்டை நேரம் குறித்து அனுப்பும் ஒவ்வொரு சப்ஸ்கிரிப்ஷனின் ஷெட்யூலுக்கும் எஸ்.கியூ.எல். சர்வர் ஏஜென்ட்டில் ஒரு ஜாப் இருக்கும். அதன் பெயர் எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான சரம். பார்த்தால் ஒன்றும் புரியாது. ரிப்போர்ட் சர்வர் டேட்டாபேஸில் ரிப்போர்ட் ஷெட்யூல் டேபிளை கேட்டலாக் டேபிளோடு சேர்த்துப் பார். அங்கிருக்கும் ஷெட்யூல் ஐ.டி.தான் ஜாப் பெயர். எஸ்.கியூ.எல்.சி.எம்.டி. வழியாக எம்.எஸ்.டி.பி.யில் உள்ள 'எஸ்.பி. ஸ்டார்ட் ஜாப்'புக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் ஓடும். டேட்டா ஏற்றும் பேட்ச் ஃபைலின் கடைசி வரியாக இதைப் போட்டுவிட்டால், லாரி எத்தனை மணிக்கு வந்தாலும் கவலையில்லை. பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபைலில் எழுதாதே, விண்டோஸ் லாகினிலேயே ஓடட்டும்.

ரொம்பப் பேர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'ஜாப் ஸ்டார்ட்டட் சக்சஸ்ஃபுல்லி' என்று திரையில் வந்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்த ஜாப் செய்வதெல்லாம் ரிப்போர்ட் சர்வரின் வரிசையில் ஒரு சீட்டுப் போடுவதுதான். ஏஜென்ட் ஹிஸ்டரியில் பச்சை டிக் இருந்தாலும் மெயில் போகாமல் கிடக்கலாம். சப்ஸ்கிரிப்ஷன்ஸ் டேபிளில் 'லாஸ்ட் ஸ்டேட்டஸ்' என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகு டீக்குப் போ. டேப்லோவிலும் இதே கதைதான்: அதன் கமாண்ட் லைன் கருவியான டேப்சிஎம்டியில் ரெஃப்ரெஷுக்கு 'சிங்க்ரனஸ்' போடாவிட்டால் வேலையை வரிசையில் சேர்த்ததோடு கமாண்ட் திரும்பிவிடும். உங்களிடம் பவர் பி.ஐ. ப்ரோ என்றால், கமாண்டில் கிளப்பினாலும் ஒரு நாளைக்கு 8 ரெஃப்ரெஷ்தான், பார்த்துச் செலவழி.

இன்னொன்று, இது வேலைக்கே உலை வைக்கும். பல ரிப்போர்ட்டுகள் ஒரே ஷேர்டு ஷெட்யூலில் இருந்தால், அந்த ஒரு ஜாப்பைக் கிளப்பியதும் எல்லாமே கிளம்பும். ஷிப்பிங் லைன்காரர், கஸ்டம்ஸ் புரோக்கர் எல்லோருக்கும் ஏற்கெனவே போன மெயில் மறுபடி போய் நிற்கும். டெமரேஜ் கணக்கு இரண்டாம் முறை போனால் எவன் சும்மா இருப்பான்? நீ கையால் ஓட்டப்போவதைத் தனி ஷெட்யூலுக்கு மாற்று. சோதிக்கும்போது உன் மெயிலுக்கு மட்டும் போகிற மாதிரி ஒரு சப்ஸ்கிரிப்ஷன் வைத்துக்கொள்.

லீவு போடும் முன் எந்த ஜாப் எந்த ரிப்போர்ட் என்று எழுதி நைட் ஷிப்ட் ஆளிடம் கொடுத்துவிட்டுப் போ. இல்லையென்றால் கல்யாண மண்டபத்துக்கே போன் வரும்.