ஹரிக்கேன் வருது! படகை என்ன செய்வாங்க?



முன்னுரை

கரண்ட் போனா எங்க அப்பாயி ஏற்றும் விளக்குக்குப் பேர் அரிக்கேன் விளக்கு. காற்றடித்தாலும் சட்டுனு அணையாது. அந்த ‘அரிக்கேன்’தான் ஆங்கிலத்தில் ஹரிக்கேன். வங்கக்கடலில் நாம் பார்க்கிற அதே வகைப் புயல்தான். அட்லாண்டிக் கடல் பக்கம், காற்று மணிக்கு 119 கி.மீ. வேகத்தைத் தொட்டால் ஹரிக்கேன் என்று சொல்வார்கள்.

படகுத்துறை

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துக்கு மூன்று பக்கமும் கடல். படகுகளை வரிசையாக நிறுத்தும் துறைக்கு அங்கே மரினா என்று பெயர். (நம்ம சென்னை மெரினா மாதிரி மணல் கடற்கரை இல்லை!) சிலர் பொழுதுபோக்குக்குப் படகு வைத்திருக்கிறார்கள். சிலர் அதில் இறால் பிடிக்கிறார்கள். சிலருக்கோ படகுதான் வீடு.

புயல்காற்று தொடங்க ஏறத்தாழ 48 மணி நேரம் இருக்கும்போது முதல் அறிவிப்பு வரும். 36 மணி நேரம் இருக்கும்போது எச்சரிக்கை வரும். அதற்குள் முடிவு எடுக்கணும்.

மூன்று வழிகள்

1. கரையில் ஏற்றுவது: கிரேன் வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, தரையோடு பட்டை போட்டுக் கட்டுவார்கள்.

2. உள்ளே கொண்டு போவது: ஆற்றுக்குள்ளே, அலையாத்திக் காடு இருக்கிற ஓடையில் நிறுத்துவார்கள். ஆனா சீக்கிரமே கிளம்பணும். வழியில் தூக்குப் பாலங்கள் இருக்கும். காற்று வலுத்துவிட்டால் படகுக்காகப் பாலத்தைத் தூக்க மாட்டார்கள்.

3. துறையிலேயே கட்டுவது: ஒரு கயிறுக்கு இரண்டு கயிறு. உரசும் இடத்தில் ரப்பர் குழாய் சுற்றணும், இல்லேன்னா தேய்ந்து அறுந்துவிடும். பாய், மேல்துணி எல்லாத்தையும் கழற்றிடணும், காற்று பிடிக்கக் கூடாது.

கயிறு ஏன் நீளமா இருக்கணும்?

புயலில் கடல்மட்டமே உயரும். படகும் அதோடு மேலே எழும்பும். கயிறு குட்டையாக இருந்தால் அறுந்துவிடும், அல்லது கட்டின இடமே பிய்ந்து வந்துவிடும். சில துறைகளில் மிதக்கும் மேடை இருக்கும். கடலில் ஊன்றிய தூண்களைப் பிடித்துக்கொண்டு மேடையும் ஏறி இறங்கும். தண்ணீர் தூணையே தாண்டினால்? மேடை கழன்று, கட்டின படகுகளோடு சேர்ந்து போய்விடும்!

இயன் புயல், 2022

இயன் என்ற ஹரிக்கேன் டாம்பா ஊர்ப் பக்கம் போகும் என்று முதலில் கணித்தார்கள். ஆனால் 2022 செப்டம்பர் 28 அன்று, நூறு கி.மீ.க்கும் மேல் தெற்கே தள்ளிக் கரையேறியது. வேகம் மணிக்கு 240 கி.மீ.!

டாம்பாவில் கடல் உள்வாங்கித் தரை தெரிந்தது. தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் தண்ணீர் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி வரை ஏறியது. ஏன் இந்த வித்தியாசம்? பூமியின் வடபாதியில் புயல்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். அந்தக் கரை மேற்குப் பார்த்தது. அதனால் புயல் கண்ணுக்கு வடக்கே காற்று தண்ணீரைக் கடலுக்குத் தள்ளியது, தெற்கே கரைக்குத் தள்ளியது.

பெரிய பெரிய இறால் படகுகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தன. பிறகு ராட்சத கிரேன் வைத்துத்தான் கடலில் இறக்கினார்கள். நல்லாக் கட்டின படகும் போனது. அந்தப் புயலில் சுமார் 150 பேர் இறந்தார்கள்.

ஒரு நல்ல சட்டம்

ஹரிக்கேன் அறிவிப்பு வந்த பிறகு, “உன் படகை எடுத்துக்கொண்டு போ” என்று மரினாக்காரர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது. இது ஃபுளோரிடாவில் 1994 முதல் சட்டம். ஏன்னா, படகை நகர்த்தப் போய் ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது. பொருளை விட உயிர் முக்கியம் என்று அந்தச் சட்டத்திலேயே காரணம் சொல்லியிருக்கிறது.

எங்க வீட்டில்

2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்போ நான் இரண்டாம் வகுப்பு. ராத்திரி சித்தப்பா, “கயிறை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்”னு கிளம்பினார். அப்பாயி வாசலை மறிச்சு நின்னு, “கடன் வாங்கி வேற படகு வாங்கலாம்டா. உன்னை எங்க போய் வாங்குறது?”ன்னு கேட்டாங்க. சித்தப்பா போகலை. விடிஞ்சு பார்த்தா படகு ரெண்டாப் பிளந்து கிடந்துச்சு. கடன் அடைய ரொம்ப நாளாச்சு. ஆனா சித்தப்பா இன்னைக்கும் கடலுக்குப் போறார்.

முடிவுரை

படகுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் காற்று வருவதற்கு முன்னாலேயே செய்யணும். காற்று வந்த பிறகு உயிரைக் காப்பாற்றுவது மட்டும்தான் வேலை. இதை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.

யோசிங்க: நம்ம கடற்கரை கிழக்குப் பார்த்தது. அப்போ புயல் கண்ணுக்கு எந்தப் பக்கம் கடல் ஏறும்?
(விடை: வடக்குப் பக்கம்)

— ஒன்பதாம் வகுப்பு மாணவி