வேர்ப்பொடியும் ஆர்க்கிட் செடியும்

ஓசூர் வட்டாரத்தில் ரோஜா பயிரிடும் விவசாயிகளுக்கு வேர் ஊக்கிப் பொடி புதிதன்று. தண்டுத் துண்டின் அடியைப் பொடியில் தோய்த்து நட்டால், வேர் விரைவாகவும் மிகுதியாகவும் இறங்குவதை அவர்கள் கண்கூடாகக் கண்டுள்ளனர். அதே பொடி ஆர்க்கிட் செடிக்கும் உதவுமா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டியது.

மகளிர் குழு ஒன்று கடன் பெற்று, நிழல்வலைக் குடிலில் டெண்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட் வகையை வளர்த்தது. மழைக்காலத்தில் வேர்கள் அழுகின. யாரோ சொன்ன யோசனைப்படி, அழுகிய வேரின்மீதே பொடியைத் தூவி, முன்னிலும் மிகுதியாக நீர் வார்த்தனர். செடிகளில் பாதி மடிந்தன. கடன் மட்டும் மிஞ்சியது. அதே புட்டியிலிருந்த பொடியைத் தொட்டு நட்ட ரோஜாத் துண்டுகளோ நன்றாகத் தளிர்த்தன. பொடியில் குற்றமில்லை என்பது இதனால் தெளிவு.

இப்பொடியின் சாரம் பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம். அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆராய்ச்சி நிலையத்தில் சிம்மர்மன், வில்காக்சன் ஆகிய இருவரும் இதன் வேரூக்கும் ஆற்றலை 1935-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ரோஜாத் தண்டில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, ஓயாது வளரும் மெல்லிய திசு ஒன்று உண்டு. வெட்டுவாய்க்கு அருகே அங்குள்ள உயிரணுக்களைத் தூண்டி வேராக மாற்றுவதே மருந்தின் வேலை. ஆர்க்கிட்டோ ஒருவித்திலைத் தாவரம். அத்தகைய திசு அதன் தண்டில் இல்லை. புதுக் குருத்தின் அடியிலிருந்தும் கணுக்களிலிருந்தும் அது தானாகவே வேர் விடுகிறது. அழுகிய வேரை எந்த மருந்தும் மீட்காது.

ஆர்க்கிட் வேரைச் சுற்றி வெண்ணிறமான பஞ்சு போன்ற உறை உள்ளது. நீரைச் சட்டென உறிஞ்சிக்கொள்ளும் அவ்வுறைக்குக் காற்றும் இன்றியமையாதது. தோட்டத்து மண்ணை நிரப்பினால் வேர் மூச்சு முட்டும். கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவையே ஏற்றவை. அழுகல் கண்டால், தீயில் சுட்டுத் தூய்மை செய்த கத்தியால் கெட்ட வேரை நீக்கி, புது ஊடகத்தில் வைத்து, நீரைக் குறைக்க வேண்டும். செடியைப் பிரிப்பதாயின், ஒவ்வொரு பகுதியிலும் மூன்று தண்டுகளேனும் இருக்கட்டும். புதுக் குருத்தின் அடியில் வேர்முனை தலைகாட்டும் தருணமே அதற்கு உகந்தது. தண்டின்மேல் முளைக்கும் கன்றுகளை, அவற்றின் வேர்கள் இரண்டு அங்குலம் நீண்டபின் பிரித்தால் போதும். பொடிச் செலவு வேண்டியதில்லை.

திசு வளர்ப்புக் கூடங்களில் ஆர்க்கிட் நாற்றுக்கு வேரூக்கிகளைச் சேர்ப்பதுண்டு என்பது உண்மையே. அங்கு அளவு மிக நுண்ணியது. வளர்ப்பதும் கிருமியற்ற குப்பியில். அதைக் காட்டித் தோட்டத்துச் செடிக்குப் பொடி விற்பது பொருந்தாது.

ரோஜாவுக்கும் அளவு முக்கியம். ஒரு லிட்டர் கரைசலில் ஒரு கிராம் மருந்து இருந்தால் அது 1000 பி.பி.எம். ஆகும். அளவு மிஞ்சினால் துண்டின் அடி கருகிவிடும். பொடியைப் புட்டிக்குள்ளேயே தோய்க்காமல் சிறிது தனியே கொட்டிக்கொள்வது நலம். ஈரம் பட்டால் மீதியும் கெடும்.

ஆர்க்கிட் வளர்க்கக் கடன் கேட்கும் குழுவினரை, அதற்கு முன்பே ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்திற்கு அனுமதி பெற்று அழைத்துச் செல்ல ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். மண்ணில்லாமல் வேர்கள் வெளியே தொங்குவதை அவர்கள் நேரில் பார்க்கட்டும்.