பழைய யந்திரம் வாங்குவோர் கவனத்திற்கு



சரக்கைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, பிறகே விலை பேசுவது நம் பெரியவர்கள் நடத்திய வியாபாரம். துணியென்றால் விரலிடையே நெருடிப் பார்த்தார்கள். அரிசியென்றால் மூட்டையின் வாயில் கிடப்பதை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்கள். இன்றோ பல ஆயிரம் வெள்ளி பெறுமானமுள்ள யந்திரத்தைக் கைப்பேசியில் நாலு படம் பார்த்து, பத்து வரி வாசித்து, முன்பணம் கட்டி வாங்கும் காலம் வந்துவிட்டது. காலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மூட்டையின் அடியைப் பார்க்கும் அதே புத்தியை விளம்பரத்திலும் செலுத்தக் கற்றுக்கொள்வதே வழி.

நம்மவரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்போரும், பழைய இரும்பு வாங்கி விற்போரும் பலர். பட்டறை மூடுகிறவர்களிடம் லேத், டிரில்லிங் மெஷின், மில்லிங் மெஷின் முதலியவற்றை வாங்கி, புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு விற்பது அவர்களுக்கு ஒரு நல்ல வரும்படி. இப்போது இந்தச் சரக்குகள் பெரும்பாலும் முடா, கரோசல், பேஸ்புக் போன்ற இணையச் சந்தைகளிலேயே விலைக்கு வருகின்றன. அங்கே வரும் விளம்பரங்களில் நேர்மையானவையும் உண்டு, பாதி உண்மையைச் சொல்லி மீதியை விழுங்குபவையும் உண்டு, முழுப் பொய்யும் உண்டு. மூன்றையும் பிரித்தறிவது எப்படி என்பதை, லேத் ஒன்றையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

சொல்லாமல் விட்டதை முதலில் வாசியுங்கள்

விளம்பரத்தில் எழுதியிருப்பது விற்பவர் நமக்குக் காட்ட விரும்புவது. எழுதாமல் விட்டதே நாம் தேட வேண்டியது. சில வாசகங்கள் அடிக்கடி வரும். அவற்றின் உட்பொருளை அறிந்துகொள்ளுங்கள்.

“நிறுத்தி வைக்கும்போது நன்றாக ஓடியது” என்றால், இப்போது ஓடுமா என்பதற்குப் பதில் இல்லை என்று பொருள். எத்தனை வருஷமாக நிற்கிறது, கூரையடியிலா மழையிலா என்று கேட்க வேண்டும்.

“நண்பருக்காக விற்கிறேன், விவரம் தெரியாது” என்றால், எந்தக் கேள்விக்கும் பதில் வராது என்று முன்கூட்டியே சொல்கிறார். அந்த நண்பரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள்.

“ரீகண்டிஷன் செய்தது” என்றால் என்ன செய்தார்கள்? பெட்டைக் கிரைண்டிங் செய்தார்களா, பேரிங் மாற்றினார்களா, அல்லது பச்சைப் பெயிண்டு மட்டும் அடித்தார்களா? வேலை செய்த பட்டறையின் ரசீது உண்டா? புதுப் பெயிண்டு குற்றமல்ல. ஆனால் வார்ப்பிரும்பில் விழுந்த வெடிப்பையும், அதை அடைத்த பூச்சையும் பெயிண்டு சுலபமாக மறைத்துவிடும். சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். பூச்சு தடித்த இடத்தில் அது சரியாகப் பிடிக்காது.

“சிறு பழுது மட்டும்” என்றால், சிறு பழுதை அவரே ஏன் சரிசெய்து கூடுதல் விலைக்கு விற்கவில்லை என்று யோசியுங்கள்.

“உள்ளது உள்ளபடி” என்றால் பொறுப்பு முழுவதையும் உங்கள் தோளில் ஏற்றுகிறார். அப்படி வாங்குவதும் தவறில்லை, ஆனால் விலை அதற்குத் தக்கபடி இறங்க வேண்டும்.

படங்களையும் வாசிக்க வேண்டும். சக்கு மாட்டியிருக்கும் பக்கத்துப் பெட் தெரியாமல் எடுத்த படம், டெயில் ஸ்டாக் இல்லாத படம், யந்திரத்தின் பெயர்த் தகடு இல்லாத படம், கம்பெனிக் கையேட்டிலிருந்து எடுத்த பளபளப்பான படம் ஆகிய நான்கும் எச்சரிக்கை மணிகள். இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, அதை யந்திரத்தின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். சரக்கு கைவசம் உள்ளவருக்கு அது இரண்டு நிமிஷ வேலை. சரக்கே இல்லாதவர் ஆயிரம் சாக்குச் சொல்வார்.

எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். கீழ்க்கண்டவற்றை எழுத்தில் அனுப்பி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

1. பெயர்த் தகட்டில் உள்ள கம்பெனி, மாடல், வரிசை எண் யாவை?

2. மோட்டார் திரீ பேஸா, சிங்கிள் பேஸா, எத்தனை வோல்ட்? நம் நாடுகளில் திரீ பேஸ் 400 வோல்ட், கடைவீட்டுக் கரண்டு 230 வோல்ட். ஜப்பானியத் தொழிற்சாலைக் கரண்டோ 200 வோல்ட். அங்கிருந்து வந்த யந்திரத்திற்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டியிருக்கும்.

3. அங்குலக் கணக்கா, மில்லிமீட்டர் கணக்கா? ஈயச் சுரங்கம், ரப்பர் ஆலை முதலியவற்றின் பட்டறைகளுக்கு அந்நாளில் வந்த பழைய இங்கிலாந்து லேத்துகள் அங்குலக் கணக்கில் உள்ளவை. அவற்றில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் கொண்ட சக்கரம் தேவை. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். அந்த எண் வந்த காரணம் இதுவே. “மில்லிமீட்டர் மரையும் வெட்டும்” என்று எழுதியிருந்தால், அந்தச் சக்கரம் கூட வருகிறதா என்று கேளுங்கள்.

4. கூட வரும் சாமான்கள் எவை? மூன்று தாடைச் சக்கு, நான்கு தாடைச் சக்கு, மாற்றுச் சக்கரங்கள், ஸ்டெடி ஆகியவற்றைப் பெயர் பெயராகக் குறிப்பிட வேண்டும். “எல்லாம் உண்டு” என்ற பதில் பதிலாகாது.

5. அறிந்த குறைகள் எவை? இந்தக் கேள்வியை விடாதீர்கள். நேர்மையானவர் ஒன்றிரண்டைச் சொல்லிவிடுவார். அறுபது வயதான யந்திரத்தில் “ஒன்றுமே இல்லை” என்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

நேரில் சோதிக்கும் முறை

நாம் கடைசல் பிடிப்பவர்களல்லர், வாங்கி விற்பவர்கள். ஆகவே ஒரு கடைசல் வேலைக்காரரைக் கூலி கொடுத்து அழைத்துப் போவது செலவல்ல, காப்பு. ஆயினும் இந்தச் சோதனைகளை நாமும் தெரிந்திருப்பது நல்லது.

யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே ஓட்டச் சொல்லுங்கள். நாம் போகுமுன்பே சூடேறியிருந்தால் காரணம் கேளுங்கள். எல்லா வேகங்களிலும் ஒவ்வொன்றாக ஓட்டச் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். சீராகத் திரும்பத் திரும்ப வரும் “டக் டக்” ஓசை, உடைந்த பல்லின் அடையாளமாக இருக்கலாம்.

லேத்தில் தேய்வு அதிகம் விழுவது சக்குக்கு அருகிலுள்ள பெட்டில். வேலை முழுவதும் அங்கேயே நடப்பது காரணம். சாடிலை அந்த இடத்தில் நிறுத்தி, அதன் பூட்டை லேசான பிடிப்பு வருமளவு இறுக்கி, பிறகு டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால், சக்குப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அறியலாம்.

கிராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திருப்பி, எதிர்ப்பக்கம் திருப்பும்போது எத்தனை கோடு சும்மா சுற்றுகிறது என்று எண்ணுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பது வழக்கம். அதிகமானால் நட்டு மாற்ற வேண்டும். அது தீரக்கூடிய செலவு. பெட் தேய்வோ அப்படியல்ல. அதைக் கிரைண்டிங் செய்யும் செலவு சில சமயம் யந்திரத்தின் விலையையே விழுங்கிவிடும். எந்தக் குறை தீரும், எது தீராது என்று பிரித்தறிவதே பழைய யந்திர வியாபாரத்தின் பாதி வித்தை.

கடைசியாக, விரல் தடிமனுக்குக் குறையாத உருட்டுக் கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டி, 100 மில்லிமீட்டர் நீளம் லேசாகக் கடையச் சொல்லி, இரு முனைகளையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காரணம் கேட்க வேண்டும். விற்பவரின் வாயைவிடக் கம்பியின் சாட்சி பெரிது.

சிறு கருவிகளிலும் ஏமாற்று உண்டு. மிட்டுடோயோ போன்ற பேர் பெற்ற கம்பெனிகளின் பெயரைப் பொறித்துப் போலிக் காலிப்பர்கள் விலை போகின்றன. அசல் விலையில் பாதிக்கும் கீழே “புதியது, பெட்டியோடு” என்று வந்தால் சந்தேகப்படுங்கள். சுலபமான சோதனை ஒன்று உண்டு. நல்ல கம்பெனியின் புதிய 6204 பேரிங் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அதன் வெளிவட்டம் 47 மில்லிமீட்டர், உள்வட்டம் 20, அகலம் 14. காலிப்பர் அதை ஒழுங்காகக் காட்டாவிட்டால் வாங்க வேண்டாம். ஒழுங்காகக் காட்டினாலும் அசல்தான் என்று அதனால் மட்டும் நிச்சயமாகாது; தவறாக அளக்கும் கருவியை ஒதுக்கவே இச்சோதனை உதவும்.

விலையும் முதலும் ஒன்றல்ல

விளம்பரத்தில் 8,000 வெள்ளி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். லாரிக்கும் கிரேனுக்கும் 900, இல்லாத சக்குக்கு 600, மின்சார மாற்றத்துக்கு 700, கூட வந்த வேலைக்காரர் கூலி 200 என்றால் நம் முதல் 10,400 வெள்ளி. இவை கணக்குக் காட்ட நான் போட்ட எண்களே. உங்கள் ஊர் விலையை நீங்கள் விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நடுத்தர லேத் அரை டன்னிலிருந்து ஒரு டன்னுக்கு மேலும் கனக்கும். ஏற்றுபவர் யார், இறக்குபவர் யார், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதைப் பணம் கொடுக்குமுன் பேசி முடிக்க வேண்டும்.

பார்க்காத யந்திரத்துக்கு முன்பணம் அனுப்பாதிருப்பதே உத்தமம். “இன்னொருவர் வந்துகொண்டிருக்கிறார், இப்போதே 500 வெள்ளி போடுங்கள்” என்று அவசரப்படுத்துவது பழைய தந்திரம். மலேசியாவில் போலீசாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, அவற்றின் மீது புகார் உண்டா என்று பார்க்கலாம். அங்கே ஒன்றும் இல்லை என்பதால் ஆள் யோக்கியர் என்று ஆகிவிடாது. பணம் போய்விட்டதென்று தெரிந்தால் தாமதியாமல் வங்கிக்கும் 997 எண்ணுக்கும் தெரிவியுங்கள். சிங்கப்பூரில் மோசடிச் சந்தேகத்துக்கு 1799 என்ற எண் உண்டு.

சட்டம் எவ்வளவு துணை வரும்?

தீபகற்ப மலேசியாவில் 1957ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வர்ணனையைச் சொல்லி விற்கும் சரக்கு அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் 15ஆம் பிரிவு. எழுத்தில் கேளுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவே. அந்தப் பதில்களே வர்ணனைக்குச் சாட்சி. 16ஆம் பிரிவின்படி, அவ்வகைச் சரக்கில் வியாபாரம் செய்பவர் வர்ணனை சொல்லி விற்றால் சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அது பொருந்தாது. ஆகவே சுற்றி வந்து தலையாட்டிவிட்டுப் பணம் கொடுப்பது அபாயம். பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

1999ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகச் சரக்குகளுக்காக ஏற்பட்டது. பட்டறைக்கு வாங்கிய லேத்துக்கு அங்கே நியாயம் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை மன்றம் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை, சரக்கு விற்பனை வழக்குகளை விசாரிக்கும். இரண்டு வருஷத்திற்குள் போக வேண்டும். பெரிய தொகையென்றால் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் விற்கும்போது

இதுவரை வாங்குபவராக நின்று பேசினோம். ஆனால் வாங்கிய யந்திரத்தை நாம் மறுநாளே விற்கிறோம் அல்லவா? முதலில் விற்றவர் “ரீகண்டிஷன்” என்றார், நாமும் அப்படியே எழுதிவிட்டால், அவர் சொன்ன பொய் அந்த நிமிஷமே நம் பொய்யாகிவிடுகிறது. “அவர் அப்படித்தான் சொன்னார்” என்பது நம்மிடம் வாங்கியவருக்குப் பதிலாகாது. கடன் வாங்கி முதல் லேத் வாங்கும் இளைஞருக்கு அது ஒரு யந்திரம் மட்டுமல்ல, குடும்பத்தின் சோறு. அது முதல் மாதத்திலேயே நின்றுவிட்டால் தவணையும் நிற்கும், தொழிலும் நிற்கும், நம் கடைப் படியும் அவர் மிதிக்கமாட்டார்.

சரக்கின் குறையை மறைத்து விற்கலாகாது என்பது சிறு பிராயத்தில் மதரஸாவில் நாமெல்லோரும் கேட்ட பாடமே. அதை இன்றைய விளம்பரத்தில் கடைப்பிடிக்கும் வழி மிகச் சுலபம். தேய்ந்த இடத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். ஓட்டிப் பார்த்ததை “ஓட்டிப் பார்த்தோம்” என்றும், பார்க்காததை “பார்க்கவில்லை” என்றும் எழுதுங்கள். கேட்டறிந்ததை “முன்பு விற்றவர் சொன்னது” என்று பிரித்து எழுதுங்கள். இல்லாத சாமானை இல்லையென்று எழுதுங்கள். விலை சற்றுக் குறையலாம், ஆனால் விற்ற சரக்கு திரும்பி வராது, சண்டையும் வராது. நம் கடை விளம்பரத்தில் எழுதியிருப்பது அப்படியே இருக்கும் என்ற பேர் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால், வாங்க வருபவர் கம்பி கடைந்து பார்க்காமலேயே விலை பேசுவார். அப்படி வருபவரிடமும், “பார்த்துவிட்டே வாங்குங்கள் தம்பி” என்று நாமே சொல்லுவோமாக.